மாசியில் எழுதப்பட்ட நாவல்: ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் ஆயத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரே மாதத்தில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடிக்கும் சவாலுக்கு எப்படித் தயாராவது என்பது பற்றி ஆங்கிலத்தில் அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே பின்பற்றி ஒருமுறையும், தம் ஊருக்கும் தொழிலுக்கும் பொருந்துமாறு மாற்றிக்கொண்டு மறுமுறையும் முயன்ற ஒருவரின் அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். அவர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பகுதியைச் சேர்ந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி; வயது நாற்பதைத் தாண்டியவர்; தமக்கென்று இருக்கும் சிறு விளையிலும் (விளை என்றால் தோட்டம்) வேறொருவரின் விளையிலும் பால் வெட்டிக் குடும்பம் நடத்துகிறார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை.

2023 நவம்பரில் அவர் தொடங்கிய முயற்சி பாதியை எட்டும் முன்பே நின்றது. 2025 மாசியில் தொடங்கிய முயற்சி மாத முடிவில் ஒரு முழு வரைவாக வந்து சேர்ந்தது. இரண்டு முறையும் கதை ஒன்றேதான், எழுதியவரும் அவரேதான், எழுத்துத் திறமையிலும் இடைப்பட்ட காலத்தில் பெரிய மாற்றம் ஏதும் நேர்ந்துவிடவில்லை. வேறுபட்டது ஆயத்தம் மட்டுமே என்பதால், எந்த ஆயத்தம் உதவியது, எது வீணானது, எது போதாமல் போனது என்று பிரித்துப் பார்க்க இந்த நிகழ்வு வாய்ப்பளிக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் அவருடைய இரண்டு முயற்சிகளின் நோட்டுகளையும் அவர் அனுமதியோடு முழுவதும் வாசித்திருக்கிறேன்.

நவம்பர் எங்கிருந்து வந்தது

இந்தச் சவாலின் மூல வடிவம் அமெரிக்காவினுடையது. 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேருடன் தொடங்கிய விளையாட்டு முயற்சி, அடுத்த ஆண்டே நவம்பருக்கு மாற்றப்பட்டு, பின்னர் ‘நானோரைமோ’ என்ற சுருக்கப் பெயரில் உலகம் முழுவதும் பரவியது. முப்பது நாட்களில் 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் என்பதே விதி. முன்கூட்டியே வரைபடம் போட்டு எழுதுவோர், போகிற போக்கில் எழுதுவோர் என்று இரு கட்சிகள் உண்டு. அக்டோபர் முழுவதையும் ஆயத்தத்துக்கு ஒதுக்கும் வழக்கமும் பின்னாளில் உருவானது.

ஜூலையிலிருந்து நவம்பருக்கு மாற்றியதற்கு அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. அங்கே நவம்பர் வெளியே போக மனம் வராத மோசமான வானிலை நிலவும் மாதம். ஆகவே வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதலாம் என்பதே அது. குமரி மாவட்டத்திலும் நவம்பர் மோசமான வானிலையின் மாதம்தான், ஆனால் அதன் விளைவு வேறு. இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும். மலையோரக் கிராமங்களில் மின்சாரம் போய்ப் போய் வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடலில் மீனவர்களைப் பறித்துக்கொண்டதோடு, கரையில் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப்போட்டதை மறந்தவர் யாருமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மழை விடும் நாட்களில் ரப்பர் மரம் நன்றாகப் பால் தரும் காலமும் இதுவே. வானிலை மோசமானால் வீட்டில் இருக்கலாம் என்பது மாதச் சம்பளக்காரரின் கணக்கு. கிடைக்கும் ஒவ்வொரு வறண்ட விடியலையும் விடாமல் பிடித்தாக வேண்டிய தொழிலாளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

முதல் முயற்சி நின்ற விதம்

2023 அக்டோபரில் அவர் செய்த ஆயத்தம் அளவில் குறைந்ததன்று. காணொளிகளைப் பார்த்துக் கதாபாத்திரங்களுக்கான அட்டவணைகளைத் தயாரித்திருந்தார். ஒவ்வொருவருக்கும் பிடித்த நிறம், பிடித்த உணவு, சிறுவயது அச்சம், நிறைவேறாத ஆசை என்று கட்டம் கட்டமாக நிரப்பப்பட்ட அந்தத் தாள்கள் நோட்டின் முன்பகுதியில் இன்னும் இருக்கின்றன. முப்பது நாட்களுக்கு முப்பது அத்தியாயங்கள் என்று தலைப்புகளும் எழுதியிருந்தார்.

நாவலின் களம் 1954 முதல் 1956 வரையிலான விளவங்கோடு. திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்திலிருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரிய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உச்சத்தை அடைந்தது. இந்தப் பின்னணியில் இரண்டு சகோதரிகளின் கதையைச் சொல்ல நினைத்தார். இளையவள் புதுக்கடையில் சாயாக்கடைக்காரனின் மனைவி. மூத்தவள் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவள். இணைப்புக்காகப் போராடிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் குமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டின் பக்கம் வந்தபோது, நெய்யாற்றின்கரையும் அதனுள் பாறசாலையும் கேரளத்தில் நின்றுவிட்டன. அக்காள் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம். நல்ல கரு என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை.

எழுத உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அட்டவணைகளின் பயனின்மை வெளிப்பட்டது. சாயாக்கடைக்காரனுக்குப் பச்சை நிறம் பிடிக்கும் என்பது தாளில் இருந்தது. அவன் ஒரு சாயாவுக்கு என்ன காசு வாங்கினான் என்பது இல்லை. மூத்தவள் பாறசாலையிலிருந்து குழித்துறைக்கு ரயிலில் வந்து இறங்குவதாக ஒரு காட்சியை எழுதிய பிறகுதான், திருவனந்தபுரம் – நாகர்கோவில் ரயில் பாதை திறக்கப்பட்டது 1979இல் என்பது அவருக்குத் தெரியவந்தது. அந்த ஒரு பிழையைத் திருத்த உட்கார்ந்தவர், அதற்கு முந்தைய பக்கங்களையும் சந்தேகிக்கத் தொடங்கினார். சந்தேகம் வந்த பிறகு சொற்கணக்கு ஏறவில்லை.

உடலும் ஒத்துழைக்கவில்லை. பால் வெட்டும் தொழிலின் நாள் நள்ளிரவுக்குச் சற்றுப் பின் தொடங்குவது. விடியலுக்கு முன் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். அதனால் இரண்டரை மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்குள் இறங்க வேண்டும். வெட்டு முடிந்து, சிரட்டையில் வடிந்ததைச் சேகரித்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு முடிக்கும்போது நண்பகல் ஆகிவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் அவர் எழுதிய பக்கங்களில், வாக்கியங்கள் பாதியில் நின்று பேனா சறுக்கிய கோடுகளைப் பல இடங்களில் கண்டேன். நவம்பர் நடுவில் நின்றது அந்த முயற்சி.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

மறுமுயற்சி பற்றி 2024 புரட்டாசியில் பேச்சு வந்தபோது, நவம்பரைத் தவிர வேறு மாதம் எப்படி என்று நான்தான் தயங்கினேன். விதி விதிதானே என்று ஓர் ஆசிரியப் புத்தி. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: “சாரே, நவம்பர்ல எழுதணும்னா அந்த மாசத்துப் பாலை ஆரு வெட்டுவா?”

ரப்பர் மரத்துக்கு ஆண்டுக்கொரு இலையுதிர்வு உண்டு. மார்கழி, தை வாக்கில் இலை பழுத்து உதிர்ந்து, பின் செந்தளிர் விட்டுக் கரும்பச்சையாகும் வரையில், மரம் தன் சேமிப்பை எல்லாம் புது இலைக்கே செலவிடும். அந்த நாட்களில் வெட்டினால் பாலும் குறைவு, மரத்துக்கும் கேடு. ஆகவே வெட்டு நிறுத்தப்படும். அவருடைய விளைகளில் அந்த ஓய்வு மாசியை முழுவதுமாக உள்ளடக்கியிருந்தது. 2025இல் மாசி பிப்ரவரி 13 அன்று பிறந்து மார்ச் 14 அன்று முடிந்தது. சரியாக முப்பது நாட்கள். பல்லாண்டுப் பழக்கத்தால் இரண்டரை மணிக்குத் தானே விழித்துக்கொள்ளும் உடலுக்கு அந்த மாதம் முழுவதும் வேலையில்லை. புதிதாக ஒரு வழக்கத்தை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே உள்ள விழிப்பை வேறு வேலைக்குத் திருப்புவது எளிது என்று அவர் கண்டுகொண்டார். இந்த ஆயத்தம் முழுவதிலும் மிகச் சிறந்த முடிவு இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வெட்டில்லாத மாதம் வரவில்லாத மாதம். வழக்கமாக அந்த நாட்களில் அவர் வேறு கூலி வேலைக்குப் போவார். அதைத் தவிர்க்க, கார்த்திகையிலும் மார்கழியிலும் அடித்த ஷீட்டில் ஒரு பங்கையும், சிரட்டையில் ஒட்டி உலர்ந்த ஒட்டுப்பாலையும் விற்காமல் கட்டிவைத்தார். விலை இறங்கியிருந்தால் இழப்புதான். அதைத் தெரிந்தே செய்தார். நாவல் எழுதத் தயாராவது பற்றிய எந்த அறிவுரையிலும் மாசிச் செலவுக்கு ஒட்டுப்பால் சேர்த்துவைக்கச் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் அந்தச் சாக்கு மூட்டைகள் இல்லாமல் அந்த வரைவு இல்லை.

மாசிக்கும் அதன் இடையூறுகள் உண்டு. அந்த ஆண்டு சிவராத்திரி பிப்ரவரி 26 அன்று வந்தது. கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தின் பன்னிரண்டு சிவாலயங்களையும், திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும்படி, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் வணங்கும் சிவாலய ஓட்டத்தில் அவர் ஆண்டுதோறும் கலந்துகொள்பவர். மார்ச் 2 முதல் 11 வரை மண்டைக்காட்டு அம்மன் கோவிலின் கொடை விழா. மார்ச் 3 அன்று மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு தொடக்கம். இவற்றை எல்லாம் தடைகளாக எண்ணிப் புலம்பாமல், மாதத்தின் தொடக்கத்திலேயே ஐந்து நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்: ஓட்டத்துக்கும் அதன்பின் வீங்கும் கால்களுக்கும் இரண்டு, ஓர் உறவினர் கல்யாணத்துக்கு ஒன்று, கொடைக்கு ஒன்று, காரணம் எழுதப்படாத ஒன்று. அந்தக் காரணமற்ற நாள்தான் பின்னர் பெரிதும் உதவியது.

சொற்கணக்கு

50,000 என்ற இலக்கைத் தமிழில் அப்படியே வைத்துக்கொள்வது பொருளற்றது. “எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான்” என்பது தமிழில் மூன்று சொற்கள். இதே செய்தி ஆங்கிலத்தில் ஆறு சொற்களாகும். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் அதே அளவு கதைக்குக் குறைவான சொற்களே பிடிக்கும். போதாததற்கு, ‘வந்து கொண்டிருக்கிறான்’ என்று இடம் விட்டு எழுதினால் கணக்கு ஒன்று கூடிவிடும். இடைவெளியை வைத்து எண்ணும் கருவிக்கு இலக்கணம் தெரியாது. எனவே அவர் இலக்கை 30,000 என்று குறைத்துக்கொண்டார். இருபத்தைந்து நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 1,200. கோடு போட்ட நோட்டில் அவருடைய கையெழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 120 சொற்கள் வருவதால், நாளுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கு எளிதாகிவிட்டது. சொற்களை எண்ண வேண்டிய தொல்லையும் ஒழிந்தது. இலக்கைக் குறைத்ததை ஏமாற்று என்று சொன்ன நண்பர்கள் இருந்தார்கள். அவர்களில் யாரும் நாவல் எழுதியதில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

கைபேசியில் குரல்வழியாக எழுதும் வசதியையும் சோதித்துப் பார்த்தார். விளவங்கோட்டுப் பேச்சில் ‘எனக்க வீடு’ (என்னுடைய வீடு) என்று சொன்னால் அது ‘எனக்கு வீடு’ என்று எழுதிக்கொடுத்தது. அன்றோடு அதை விட்டுவிட்டுப் பேனாவுக்குத் திரும்பினார்.

ஐப்பசி, கார்த்திகை: கேட்பதும் எழுதிவைப்பதும்

மழை பெய்து வெட்டு நின்ற நாட்களே அவருடைய ஆராய்ச்சி நாட்கள். முதல் முயற்சியில் ரயில் காட்சி கற்றுத்தந்த பாடத்தைக் கொண்டு, இம்முறை முதலில் ‘அன்று இல்லாதவை’ என்று ஒரு பட்டியல் போட்டார். ரயில் இல்லை. மாத்தூர்த் தொட்டிப்பாலம் இல்லை. அது 1960களில் கட்டப்பட்டது. கடலுக்குள் பாறையில் விவேகானந்தர் மண்டபம் இல்லை, அது 1970. புதுக்காசு இல்லை, 1957 ஏப்ரல் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரத்தில் நிற்கும் ரப்பர் மரங்களையும் அவர் சந்தேகித்தார்: இன்று ரப்பராக இருக்கும் விளைகளில் பல அன்று மரச்சீனியும் (மரவள்ளி) மிளகும் பனையுமாக இருந்தவை என்று பெரியவர்கள் சொன்னார்கள். ரப்பருக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஒருவர், தம் ஊரை ரப்பர் இல்லாமல் கற்பனை செய்யக் கற்றுக்கொண்டது சிறிய காரியமன்று. இல்லாதவற்றின் பட்டியல் இருப்பவற்றின் பட்டியலைவிடப் பயனுள்ளது என்பதை நான் இவரிடமிருந்தே கற்றேன். பிழையான காட்சி ஒன்று எழுதப்படும் முன்பே அது தடுத்துவிடுகிறது.

அடுத்து, ஆவணங்கள். தாய்வழி வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் பழைய பத்திரங்கள் இருந்தன. திருவிதாங்கூர்க் காலத்தவை ஆகையால் மலையாளத்தில், கொல்லம் ஆண்டிட்டு எழுதப்பட்டவை. அவற்றை வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரின் திண்ணையில் உட்கார்ந்து, எந்த விளைக்கு எது எல்லை, யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார் என்று தமிழில் எழுதிக்கொண்டார். நாவலின் மனிதர்கள் 1954 என்று எண்ணியிருக்க மாட்டார்கள், கொல்லம் 1129 ஆடி என்றே எண்ணியிருப்பார்கள் என்ற தெளிவு அங்கே கிடைத்தது. பாட்டிமார் அணாக் காலத்திலும் பழைய திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தின் கணக்கிலேயே விலை பேசியதும், ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம் என்ற வாய்ப்பாடும் அப்படியே.

நேரில் கண்டவர்களைத் தேடியபோது அவசரம் ஒன்று வெளிப்பட்டது. அன்று பதினைந்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பத்தைந்து கடந்திருக்கும். சிலரே அகப்பட்டனர், அவர்களும் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஒத்த கருத்துச் சொல்லவில்லை. இறந்தவர் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் வேறுபட்டது. வரலாற்று நூல் எழுதுபவருக்கு இது இடர்ப்பாடு. நாவலாசிரியர் இரண்டு பாத்திரங்களின் வாயில் இரண்டு எண்களை வைத்துவிட்டுப் போகலாம் என்று சொன்னேன்; அவர் ஏற்றுக்கொண்டார்.

ஆராய்ச்சி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரம்பு வைத்தார். தை பிறந்ததும் கேட்பதை நிறுத்திவிடுவது. அதற்குப்பின் தெரியாதது தெரியாததாகவே இருக்கட்டும். எழுதும்போது அப்படி ஓர் இடம் வந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் ஒன்றை இட்டு, உள்ளே எதுவும் எழுதாமல் கடந்து செல்வது. வட்டத்தை நிரப்ப எழுத்து மாதத்தில் எழுந்துபோகக் கூடாது என்பதே விதி.

காட்சிகளை அவர் எழுதிவைத்தது தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில். ஒரு தாளுக்கு ஒரு காட்சி: யார், எங்கே, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கும் என்ற மூன்று வரிகள் மட்டும். தலைப்பு இல்லை, அத்தியாய எண் இல்லை. தரையில் பரப்பி இடம் மாற்றிப் பார்க்கலாம், வேண்டாததைக் கசக்கி எறியலாம். அதே கதைக்கு முன்பு போட்ட முப்பது அத்தியாய வரைபடத்தோடு ஒப்பிடுகையில் இத்தாள்களில் கதை கூடுதல் நெகிழ்வோடு இருந்தது.

பேச்சை எழுதும் முறை

உரையாடலை எப்படி எழுதுவது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குமரி மாவட்டத்திலேயே நாஞ்சில் நாட்டுப் பேச்சு ஒன்று, விளவங்கோட்டுப் பேச்சு மற்றொன்று, கடற்கரைப் பேச்சு வேறொன்று. முதல் முயற்சியின் நோட்டில் ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘என்னோட’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘எனக்க’ என்றும் பேசியது. இம்முறை நோட்டின் முதல் பக்கத்தில் சில வரையறைகளை எழுதி ஒட்டினார். கதை சொல்லும் குரல் பொது எழுத்துத் தமிழ். பேச்சு முழுவதும் விளவங்கோட்டு வழக்கு. மூத்தவளின் பேச்சு மட்டும் நாவலின் தொடக்கத்தில் தங்கையின் பேச்சைப் போலவே இருந்து, ஆண்டுகள் நகர நகர, அவளே அறியாமல் மலையாளச் சாயல் ஏறிக்கொண்டே போக வேண்டும். எல்லை எங்கே விழுந்தது என்பதை யாரும் விளக்கிச் சொல்லாமலேயே வாசகர் கேட்டுவிட முடியும். இந்த ஒரு முடிவு எத்தனையோ பக்க விளக்கங்களைத் தேவையற்றதாக்கியது என்பதை வரைவைப் படித்தபோது உணர்ந்தேன்.

வீட்டின் ஒப்புதல்

இது பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் பேச்சும் சுருக்கமாகவே நடந்தது. தேர்வுக்குப் படிக்கும் மகளும் விடியற்காலையில் எழுபவள்; அடுக்களைக்குப் பக்கத்து அறை அவளுக்கு, திண்ணை அவருக்கு என்று முடிவாயிற்று. ஆறு மணிக்கு மேல் அவர் நோட்டைத் திறக்கக் கூடாது என்பது மனைவியின் நிபந்தனை. இரவில் எழுந்து எழுதினால் உடம்பு கெடும் என்று மாமியார் சொன்னபோது மனைவி அளித்த பதில் இது: “ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மரத்துக்குப் போகும்போ கெடாத ஒடம்பா இப்பம் கெடப்போவுது? எழுதட்டும்.”

மாசியில் நடந்தது

முதல் பத்து நாட்கள் கணக்குப் பிசகவில்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்தால் விடிவதற்குள் பத்துப் பக்கம் முடிந்தது. சாயாக்கடை, சந்தை, பத்திரத்தில் இருந்த எல்லைத் தகராறு ஆகியவை திண்ணையில் கேட்டறிந்த விவரங்களின் பலத்தால் தயக்கமின்றி வந்தன. சிவப்பு வட்டங்கள் பக்கத்துக்கு ஒன்றிரண்டு இருந்தனவே தவிர, எழுத்து எங்கும் நிற்கவில்லை.

துப்பாக்கிச் சூட்டு அத்தியாயம் சிவராத்திரிக்கு முன் எழுதப்பட்டது. ஆயத்தத்தில் அதிக உழைப்பைப் பெற்ற அத்தியாயமும் அதுவே, வரைவில் மிகப் பலவீனமான அத்தியாயமும் அதுவே. அன்றைய முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளையின் அமைச்சரவை, போராட்டத் தலைவர் நேசமணியின் தலைமை, பின்னர் வந்த மாநிலச் சீரமைப்புக் குழு அறிக்கை எல்லாம் வரிசை தவறாமல் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் சாயாக்கடைக்காரன் அந்தப் பக்கங்களில் காணாமல் போய்விடுகிறான். சேகரித்த விவரம் ஒவ்வொன்றையும் பயன்படுத்திவிட வேண்டும் என்ற கஞ்சத்தனம் அங்கே தெரிகிறது. அதற்கு மாறாக, மூத்தவளுக்குத் தங்கை எழுதச் சொல்லும் கடிதம் ஒன்று, ஒரே ஒரு ஆண்டுக் குறிப்பும் இல்லாமல், அந்தக் காலத்தை முழுவதும் கண்முன் நிறுத்துகிறது.

உண்மையான தேக்கம் மூன்றாம் வாரத்தில், கதை பாறசாலைக்குப் போனபோது வந்தது. மூத்தவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவரால் நகர முடியவில்லை. ஆயத்தம் எங்கே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது என்பதை இது காட்டிக்கொடுத்தது. அவர் பேசிய முதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கேட்ட கேள்விகள் சந்தை, போலீஸ், கட்சி, காசு பற்றியவை. பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்ணின் நாள் எப்படிக் கழிந்தது, பிள்ளைகளை எந்த மொழிப் பள்ளிக்கு அனுப்பினாள், பிறந்த வீட்டுச் சடங்குக்கு யாரோடு வந்தாள் என்ற கேள்விகளை அவர் கேட்டிருக்கவில்லை. சிவப்பு வட்டம் ஒரு விலைக்கும் ஒரு பெயருக்கும் உதவும். ஒரு வாழ்க்கை முழுவதும் வட்டமாக இருந்தால் அதைத் தாண்டி எழுத முடியாது.

காரணம் எழுதாமல் வைத்திருந்த நாளை இங்கே செலவிட்டார். வட்டத்தை நிரப்ப எழுந்துபோகக் கூடாது என்ற தம் விதியைத் தாமே மீறி, பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மா ஒருவரின் வீட்டுக்கு மனைவியோடு போனார். கேள்விகளைக் கேட்டவர் மனைவி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். அதற்குப் பின் எழுதிய பக்கங்களில் அடுக்களை இருக்கிறது, சண்டை இருக்கிறது, மலையாளத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விதியை மீறியது சரியா என்று என்னிடம் கேட்டார். விதி எழுத்து நிற்காமல் இருப்பதற்காக வைக்கப்பட்டது. எழுத்து ஏற்கெனவே நின்றுவிட்ட நிலையில் அது எதைக் காக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

மாசி முடிந்தபோது 225 பக்கங்கள், ஏறத்தாழ 27,000 சொற்கள் இருந்தன. இலக்குக்குக் குறைவு; ஆனால் கதை தன் முடிவை, 1956 நவம்பர் 1 அன்று மாலையை, எட்டியிருந்தது. முதல் முயற்சியில் எஞ்சியவை தொடர்பற்ற அத்தியாயங்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

அதற்குப் பின்

பங்குனியில் தளிர் முற்றி வெட்டு மீண்டும் தொடங்கியது. அம்மாத நடுவில், மார்ச் 31 அன்று, சவாலை நடத்திவந்த அமெரிக்க நிறுவனம் தன் செயல்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவருக்கு இதைச் சொன்னபோது வியப்படையவில்லை. நவம்பரை ஏற்கெனவே விட்டுவிட்டவர்தானே.

இப்போதைய திட்டம் இரண்டு கட்டமாக இருக்கிறது. சிவப்பு வட்டங்களை ஒரு தனி நோட்டில் பெயர்த்து எழுதி, மனிதரிடம் கேட்டே தீர வேண்டியவை, புத்தகத்திலோ பத்திரத்திலோ பார்த்துக்கொள்ளக்கூடியவை என்று பிரித்திருக்கிறார். வயது முதிர்ந்தவரிடம் கேட்க வேண்டியவை முதலில், அவற்றிலும் பெண்களிடம் கேட்க வேண்டியவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மழையால் வெட்டு நிற்கும் நாட்களில். துப்பாக்கிச் சூட்டு அத்தியாயத்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாமல் கடையின் பின்கட்டில் இருக்கும் தங்கையின் பக்கத்திலிருந்து மறுபடியும் எழுதுவதென்று அடுத்த மாசிக்கு வைத்திருக்கிறார். அதற்கான ஷீட்டை எந்த மாதத்திலிருந்து கட்டிவைக்கத் தொடங்குவது என்பதில்தான் அவருக்கும் அவர் மனைவிக்கும் இன்னும் கருத்து ஒத்துவரவில்லை.